சத்தம் ரெக்கார்ட் ஆகாது, பாஸ்!

கல்ச்சுரல்ஸ் சீஸன் வந்தா போதும். கீழக்கரையில ஆரம்பிச்சு ராமேஸ்வரம் வரைக்கும் ஹாஸ்டலுக்கு ஒரு பேண்டு முளைச்சிடும். ஒருத்தன்கிட்ட டிரம்ஸ், ஒருத்தன்கிட்ட கீபோர்டு, சிங்கப்பூர் மாமா வாங்கிட்டு வந்த எலெக்ட்ரிக் கிடார் இன்னொருத்தன்கிட்ட. ஆம்ப்பை ஃபுல்லா திருகி ஒரு இழு இழுத்தா, ஜன்னல் கம்பி எல்லாம் டான்ஸ் ஆடும். 'மாப்ள, இதை அப்படியே ரெக்கார்ட் பண்ணி அனுப்புவோம்டா'ன்னு செல்போனை ஆம்ப் தலையிலேயே வெச்சு ரெக்கார்ட் பண்ணுவாங்க. அப்புறம் ஹெட்போன் போட்டுக் கேட்டா... மிக்ஸியில வரமிளகாய் அரைக்கிற சத்தம்!

உடனே ரெண்டு கட்சி உருவாகும். ஒரு கட்சி, 'சத்தம் பத்தலடா, இன்னும் ஏத்து'ன்னு சொல்லும். இன்னொரு கட்சி, 'இதெல்லாம் சென்னை ஸ்டுடியோவுக்குப் போனாத்தான் நடக்கும்'னு பெருமூச்சு விடும். ரெண்டு பேருமே டெபாசிட் காலி. மேட்டர் சத்தத்துலயும் இல்ல, சென்னையிலயும் இல்ல. மைக் இருக்கிற இடத்துல இருக்கு. அதைத்தான் இந்த வாரம் பிரிச்சு மேயப்போறோம்.

லண்டனில் ஒரு பிடிவாதம்

1966, மே மாசம். லண்டன் வெஸ்ட் ஹாம்ஸ்டெட்ல இருக்கிற டெக்கா ஸ்டுடியோ. ஜான் மேயாலின் 'புளூஸ் பிரேக்கர்ஸ்' குழு ஆல்பம் போட வந்திருக்கு. கிடார் வாசிக்கிறவர் எரிக் கிளாப்டன், வயசு 21. கையில கிப்சன் லெஸ் பால் கிடார், பக்கத்துல மார்ஷல் ஆம்ப்.

அந்தக் காலத்து ஸ்டுடியோ தர்மம் என்னன்னா, ஆம்ப் அடக்கமா ஒலிக்கணும், மைக் அதுக்கு முன்னால பவ்யமா நிக்கணும். கிளாப்டன் ஒத்துக்கல. மேடையில எவ்வளவு சத்தத்துல வாசிக்கிறேனோ, அதே சத்தத்துலதான் இங்கேயும் வாசிப்பேன்னு நின்னுட்டார். மைக்கையும் ஆம்ப்போட மூக்குல ஒட்டாம தள்ளி வைக்கச் சொன்னார். சவுண்டு இன்ஜினீயர் கஸ் டட்ஜன் (பிற்காலத்துல எல்டன் ஜானோட ஆல்பங்களைத் தயாரிச்சவர்) தலையில கைவெச்சிருப்பார். கிடார் சத்தம் டிரம்ஸ் மைக்லயும் போய் உட்கார்ந்துக்குமே!

ஆனா அந்த ஆல்பம் பிரிட்டிஷ் சார்ட்ல 6-வது இடம் வரை ஏறுச்சு. ராக் கிடார்னா இப்படித்தான் கர்ஜிக்கணும்னு உலகத்துக்கே ஒரு அளவுகோல் வெச்சது.

'அப்போ நம்ம முதல் கட்சி சொன்னது சரிதானே, சத்தமா வெச்சதாலதானே?'னு கேப்பீங்க. அவசரப்படாதீங்க.

கர்ஜனை எங்கேருந்து வருது?

கிளாப்டனோட ஆம்ப் வால்வு ஆம்ப். வால்வுக்கு ஒரு எல்லை இருக்கு. அதைத் தாண்டித் தள்ளினா, உள்ள வர்ற அலையோட உச்சியை மழுக்கி விட்டுடும். அலையோட வடிவம் மாறுதா, அதுல முன்னாடி இல்லாத புதுப்புது மேல் சுருதிகள் சேரும். அதைத்தான் நாம 'டிஸ்டார்ஷன்'னு கொண்டாடுறோம். கூடவே ஸ்பீக்கரோட காகிதக் கூம்பும் அதிர்ச்சி தாங்காம தன் பங்குக்கு முறுக்கிக்கும்.

ஆக, அன்னிக்குச் சத்தம் தேவைப்பட்டது சத்தத்துக்காக இல்ல. வால்வும் ஸ்பீக்கரும் மூச்சு வாங்குறதுக்காக. நம்ம ஹாஸ்டல் ரூம்ல இருக்கிறது பெரும்பாலும் டிரான்சிஸ்டர் ஆம்ப். அதுல டிஸ்டார்ஷன் தனி பட்டன்ல, இல்லேன்னா கால்ல மிதிக்கிற பெடல்ல வருது. வால்யூமை ஏத்தினா கர்ஜனை கூடாது, வார்டன்தான் கூடுவார்.

இன்னொரு விஷயம். அதே கிளாப்டன், நாலே வருஷம் கழிச்சு, 1970-ல, அமெரிக்காவோட மயாமி நகரத்துல 'லைலா' ஆல்பத்தை ரெக்கார்ட் பண்ணினார். பக்கத்துல இன்னொரு கிடார் புலி டுவேன் ஆல்மன். மலை மலையா ஆம்ப் அடுக்கியிருப்பாங்கன்னு நினைப்பீங்க. அங்கே முக்கிய வேலை பார்த்தது 'ஃபெண்டர் சாம்ப்'னு ஒரு குட்டி ஆம்ப். சுமார் 5 வாட். ஒரு கையால தூக்கிட்டுப் போயிடலாம். சின்ன ஆம்ப்புங்கிறதால சீக்கிரமே மூச்சு வாங்கும். கர்ஜனையும் சீக்கிரமே கிடைக்கும்.

1966-ல ரூம் அதிரக் கேட்ட மனுஷன், 1970-ல பொட்டி சைஸ் ஆம்ப்ல அதையே சாதிச்சிருக்கார். ஏன்னா...

டேப்புக்குத் தெரியாத ரகசியம்

சத்தம் ரெக்கார்ட் ஆகாது. ஆமா பாஸ், நல்லாப் படிங்க. நீங்க 115 டெசிபல்ல வாசிச்சாலும், 80 டெசிபல்ல வாசிச்சாலும், ஃபைல்ல பதியுறது அலையோட வடிவம் மட்டும்தான். எவ்வளவு சத்தமாக் கேட்கணும்கிறதை முடிவு பண்றது கேட்கிறவன் கையில இருக்கிற வால்யூம் பட்டன்.

ரூம்ல 'செம'யா இருந்தது ஹெட்போன்ல 'சப்'புன்னு ஆகுறதுக்கு இதுவும் ஒரு காரணம். 1933-லயே பெல் லேப்ஸ் விஞ்ஞானிகள் ஃபிளெட்சரும் மன்சனும் கண்டுபிடிச்சுச் சொன்னாங்க: மனுஷக் காதுக்கு, சத்தம் குறைவா இருக்கும்போது அடி சுருதி சரியாக் கேட்காது. சத்தத்தை ஏத்தினா அது பொங்கி வரும். அதாவது, ஃபுல் வால்யூம்ல நீங்க ரசிச்ச 'பேஸ்'ல பாதி, உங்க காது போட்ட மசாலா. மைக்குக்கு அந்த மசாலா தெரியாது.

இப்போ கொஞ்சம் சீரியஸ். சத்தம் ரெக்கார்ட் ஆகுற இடம் ஒண்ணே ஒண்ணு இருக்கு. உங்க உள்காது. அங்கே இருக்கிற நுண்ணிய முடிசெல்கள் ஒருமுறை செத்தா மறுபடி முளைக்காது. அமெரிக்காவோட தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் சொல்ற கணக்கு: 85 டெசிபல்னா ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம். அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல்னா 15 நிமிஷம். 112-ல ஒரு நிமிஷம்கூட இல்ல. நல்ல கிடார் ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்டுக்கு, ஒரு மீட்டர் தள்ளி, 97-லேருந்து 100 டெசிபல் வரை தள்ளும். 50 வாட் கொடுத்தா 115-ஐத் தொட்டுடும். அதைப் பத்துக்குப் பத்து ரூம்ல, கதவைச் சாத்திக்கிட்டு! 'தி ஹூ' குழுவோட பீட் டவுன்ஷெண்ட், காதுக்குள்ள ஓயாம கேட்குற இரைச்சலைப் பத்திப் பல வருஷமாப் பேசிட்டு வர்றார். அவர்கிட்ட இல்லாத ஆம்ப்பா?

ரிகர்சல் முடிஞ்சு படுக்கும்போது 'ங்ங்ங்...'னு கேட்டா, அது கொசு இல்ல. எச்சரிக்கை. மெடிக்கல் ஷாப்ல கிடைக்கிற ஃபோம் இயர்பிளக்கைப் போடுறதுக்கு வெட்கப்படாதீங்க.

டார்ச் அடிச்சு இடம் பிடி

சரி, செய்முறைக்கு வருவோம். என்ன மைக்? உலகம் முழுக்க கிடார் ஆம்ப் முன்னால நிக்கிறது ஷூர் எஸ்.எம்.57. 1965-ல வந்த டைனமிக் மைக். அமெரிக்க அதிபர்கள் பேசுற மேடையிலயும் பல வருஷமா இதுதான் நிக்குது. இது கிடைக்கலேன்னா கவலை வேண்டாம். ஊர்ல திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மைக் செட் போடுற அண்ணன்கிட்ட டைனமிக் மைக் நிச்சயம் இருக்கும். ஒரு டீ வாங்கிக் குடுத்துக் கேளுங்க.

டைனமிக் மைக்னா சிம்பிள். ஸ்பீக்கரைத் திருப்பிப் போட்ட மாதிரி. சவ்வு, கம்பிச்சுருள், காந்தம், அவ்வளவுதான். எவ்வளவு சத்தத்தையும் தாங்கும். கண்டென்சர் மைக் நம்ம கடற்கரை ஈரக்காத்துல சில நேரம் படபடன்னு பொரியும். ரிப்பன் மைக்ல இருக்கிறது சருகு மாதிரி ஒரு அலுமினியத் தகடு, பலமா ஒரு காத்து அடிச்சாலே கிழியலாம். ஸோ, பாம்பன் பக்கத்து மக்களுக்கு டைனமிக்தான் தோஸ்து.

இப்போ ஆம்ப்பைத் தரையிலேருந்து தூக்கி ஒரு ஸ்டூல் மேல வைங்க. மூலையில வைக்காதீங்க, அடி சுருதி வீங்கிடும். முன்பக்கத் துணி வழியா செல்போன் டார்ச் அடிச்சுப் பாருங்க. ஸ்பீக்கர் கூம்பும், நடுவுல குமிழும் தெரியும். விளையாட்டு இங்கேதான்.

நடுக்குமிழுக்கு நேரா மைக் வெச்சா சவுண்டு பளீர்னு, கூர்மையா, சில நேரம் ஊசி குத்துற மாதிரி வரும். ஓரத்துக்கு நகர்த்த நகர்த்த மழுங்கி, வெதுவெதுப்பாகும். பெரும்பாலானவங்களுக்குப் பிடிக்கிற இடம் குமிழும் கூம்பும் சேருற எல்லைக்கோடு. அங்கேருந்து ஒரு இஞ்ச் இந்தப் பக்கம், ஒரு இஞ்ச் அந்தப் பக்கம் நகர்த்திக் கேளுங்க. ஆம்ப்ல டிரபிள், பேஸ் பட்டனைத் திருகுறதைவிடப் பெரிய வித்தியாசம் தெரியும். காசு செலவில்லாத ஈக்வலைஸர்!

அடுத்து தூரம். இந்த மாதிரி மைக்கை ஒட்டி வைக்க வைக்க அடி சுருதி தானாவே கூடும். ஒரு இஞ்ச்ல கனமா இருக்கும், அரை அடி தள்ளினா இலகுவாகும். இன்னும் தள்ளினா ஆம்ப்போட சேர்த்து உங்க ரூமும் பாட ஆரம்பிச்சிடும். ரூம் நல்லா இருந்தா சந்தோஷம். ஆனா நாலு பக்கமும் வெறும் சிமெண்ட் சுவர்னா, அது பாடுற பாட்டு பாத்ரூம் பாட்டுதான். ராமேஸ்வரம் கோயில் மூணாம் பிரகாரத்துல நடந்திருப்பீங்க. ஆயிரத்துக்கும் மேல தூண்கள். அங்கே பேச்சுச் சத்தம் தூணுக்குத் தூண் தாவிப் போற சுகமே வேற. ஹாஸ்டல் ரூமுக்கு அந்தக் கொடுப்பினை இல்ல. மெத்தையைச் சுவத்துல சாய்ச்சு, போர்வையைத் தொங்க விட்டு, மைக்கைக் கிட்டே கொண்டுவாங்க. வலை கட்டித் தொங்க விட்டா போதுமான்னு கேட்காதீங்க. மீனே தப்பிக்கிற ஓட்டையில சத்தம் தப்பிக்காதா?

மறக்காம ஃபேனை நிறுத்துங்க. ரெக்கார்டிங் லெவல் சிவப்பைத் தொடக்கூடாது. உச்சத்துல மைனஸ் 10 டெசிபல் பக்கம் நின்னா போதும். 24 பிட்ல ரெக்கார்ட் பண்ணும்போது லெவல் கொஞ்சம் கம்மியா இருந்தா ஒண்ணும் குடி முழுகாது. செல்போன்தான் கதின்னா, ஆம்ப்லேருந்து ஏழெட்டு அடி தள்ளி வைங்க. சத்தத்தைத் தானா ஏத்தி இறக்குற 'ஆட்டோ' வசதியை நிறுத்த வழியிருக்கிற ஆப்பாத் தேடுங்க. அந்த ஆட்டோதான் மிளகாய் அரைக்கிறதுல பாதிப் பங்கு.

ஆண் கடல், பெண் கடல்

'ஒரு மைக்குக்கே இவ்வளவுன்னா ரெண்டு மைக் வெச்சா டபுள் சூப்பரா?' அங்கேதான் வில்லங்கம். தனுஷ்கோடி அரிச்சல்முனையில நின்னு பார்த்தவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். வடக்கே பாக் ஜலசந்திப் பக்கம், பெண் கடல். ரெண்டு பக்கத்து அலையும் சந்திக்கும்போது, முகடும் முகடும் சேர்ந்தா எகிறும். முகடும் பள்ளமும் சேர்ந்தா அடங்கிப் போகும்.

மைக்லயும் அதே கதை. நம்ம ஊர் 30 டிகிரி வெயில்ல ஒலி நொடிக்குச் சுமார் 349 மீட்டர் ஓடும். ஒரு மைக்கைவிட இன்னொண்ணு பதினேழரை சென்டிமீட்டர் தள்ளி இருந்தா, சத்தம் அரை மில்லி செகண்ட் லேட்டா வரும். 1,000 ஹெர்ட்ஸ் சுருதிக்கு அது சரியாப் பாதி அலை. ஒண்ணுல முகடு, இன்னொண்ணுல பள்ளம். ரெண்டையும் கலந்தா அந்தச் சுருதியே ஸ்வாஹா! தனித்தனியா கேட்டா ரெண்டும் அருமை, சேர்த்தா நோஞ்சான். இந்த மர்மத்துக்கு விடை இதுதான்.

வழி? ரெண்டு மைக்கையும் ஒரே தூரத்துல ஒட்டி வைங்க. இல்லேன்னா ஒண்ணோட அலையைத் தலைகீழாக்கி (மிக்ஸர்லயும் சாஃப்ட்வேர்லயும் இதுக்குப் பட்டன் இருக்கும்), ரெண்டையும் சேர்த்துக் கேட்டுக்கிட்டே நகர்த்துங்க. சவுண்டு எந்த இடத்துல ரொம்ப ஒல்லியாகுதோ, அங்கே நிறுத்திட்டுப் பட்டனை மறுபடி பழையபடி மாத்துங்க. இப்போ அதே இடத்துல ரொம்பக் குண்டாக் கேட்கும்.

இது நமக்குப் புதுசா?

எலெக்ட்ரிக் கிடார் வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே, காதைப் பிளக்கிற வாத்தியத்தோட குடித்தனம் நடத்தினவங்க நாம. நாதஸ்வரத்தை எடுத்துக்குங்க. மைக்கே இல்லாத காலத்துல, சாமி புறப்பாட்டுக்கு முன்னால, தெருக்கோடி வரைக்கும் கேட்கணும்னு உருவானது. அதுக்குப் பக்கத்துல ஒரு பெண் குரலை நிறுத்தினா என்னாகும்?

1962-ல 'கொஞ்சும் சலங்கை' படத்துல அதையும் பண்ணிக் காட்டினாங்க. எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசை, எஸ்.ஜானகி குரல், காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம். இன்னிக்கும் யூடியூப்ல போய்க் கேளுங்க. குரலும் வாத்தியமும் கிட்டக்கிட்ட நின்னு பேசிக்கிற மாதிரி இருக்கும். ஒண்ணை ஒண்ணு முழுங்காது. பெரிய சத்தத்தை அதோட கம்பீரம் குறையாம சின்ன இடத்துல உட்கார வைக்கிறதுதான் ரெக்கார்டிங் கலை. அதை வடபழனியும் கோடம்பாக்கமும் எப்பவோ கத்துக்கிட்டாச்சு.

பாம்பன்லயே மீனவர்களுக்காக 2016-ல ஆரம்பிச்ச 'கடல் ஓசை' சமுதாய வானொலி இருக்கு. காத்து 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினா பழைய பாம்பன் பாலத்துல ரயிலையே நிறுத்தி வெச்ச ஊர் அது. அப்படிப்பட்ட ஊர்லயே மைக் பிடிச்சு நிகழ்ச்சி பண்றாங்கன்னா, நாலு சுவத்துக்குள்ள நம்மால முடியாதா?

உப்புக்காத்து எச்சரிக்கை

கடைசியா ஒண்ணு, இதுதான் முக்கியம். பாம்பன் கடல்பகுதி உலகத்துலேயே அதிகமா இரும்பை அரிக்கிற இடங்கள்ல ஒண்ணு. 1914-ல திறந்த பாலமே துருவோட போராடித்தான் 2022 டிசம்பர் வரை ரயிலைச் சுமந்தது. புதுப் பாலம் 2025 ஏப்ரல்ல வந்தாச்சு. அந்த உப்புக்காத்து உங்க கிடார் கம்பியையும், ஜாக்கையும், மைக் பின்னையும் மட்டுமா தின்னும்? கட்டடத்தோட எர்த் கம்பியையும் தின்னும்.

ஆம்ப்ல 'ஹ்ம்ம்ம்'னு இரைச்சல் வந்தா, பிளக்கோட மூணாவது பெரிய பின்னைக் கழட்டி விடுற 'டெக்னிக்' நிறையப் பேருக்குத் தெரியும். தயவுசெஞ்சு வேண்டாம். கிடாரோட கம்பி ஆம்ப்போட உலோக உடம்போட இணைஞ்சிருக்கு. எர்த் இல்லாத ஆம்ப்ல கசிவு இருந்தா, கம்பியைப் பிடிச்சுக்கிட்டு மைக்கைத் தொடும்போது உங்க உடம்புதான் ஒயர். 1972 மே 3, பிரிட்டன்ல ஸ்வான்ஸீ நகரம். 'ஸ்டோன் தி க்ரோஸ்' குழுவோட கிடாரிஸ்ட் லெஸ் ஹார்வி, எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார். கூட்டம் பார்த்துட்டே இருந்தது.

அதனால, எலெக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டு ரூம்ல எர்த் இருக்கான்னு சோதிச்சுக்குங்க. ஆம்ப், மிக்ஸர், லேப்டாப் எல்லாத்தையும் எர்த் உள்ள ஒரே பாயின்ட்லேருந்து எடுங்க. ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இருந்தா இன்னும் நிம்மதி. வால்வு ஆம்ப்னா மூடியைத் திறக்காதீங்க, ஆஃப் பண்ணின பிறகும் உள்ள கரண்ட் தேங்கி நிக்கும். ஸ்பீக்கர் ஒயரைக் கழட்டிட்டு ஆன் பண்ணவும் கூடாது, டிரான்ஸ்ஃபார்மர் காலி.

'இப்பதான் சாஃப்ட்வேர்லயே ஆம்ப் வந்தாச்சே, எதுக்கு இந்தப் பாடு?'னு கேட்கிற கம்ப்யூட்டர் சயின்ஸ் கண்மணிகளுக்கு: அந்த சாஃப்ட்வேரைத் திறந்து பாருங்க. அங்கேயும் மைக்கை ஸ்பீக்கர் முன்னால நகர்த்துற படம்தான் இருக்கும். யாரோ ஒருத்தர் நிஜ ஸ்பீக்கருக்கு முன்னால மைக் வெச்சுக் கேட்டுக் கேட்டு எடுத்த அளவுகள் அவை. எது நல்லா இருக்குன்னு முடிவெடுக்க அங்கேயும் உங்க காதுதான் வேணும்.

இந்த வார ஹோம்வொர்க்: ஒரே ஒரு மைக். ஒரே ஒரு டியூன், பத்து செகண்ட் போதும். நடுக்குமிழ், எல்லைக்கோடு, ஓரம்னு மூணு இடம். ஒவ்வொண்ணுலயும் ஒரு இஞ்ச், அரை அடின்னு ரெண்டு தூரம். மொத்தம் ஆறு டேக். ஒவ்வொரு டேக்குக்கு முன்னாலயும் 'இது எந்த இடம்'னு வாயால சொல்லிடுங்க. ராத்திரியே கேட்காதீங்க, காது களைச்சிருக்கும். காலையில, ஆறையும் ஒரே வால்யூம்ல வெச்சுக் கேளுங்க. எது பிடிக்குதோ, அந்த இடத்துல ஆம்ப் துணி மேல ஒரு துண்டு டேப் ஒட்டுங்க.

உங்க பேண்டோட சவுண்டு அதுதான். ஜமாய்ங்க!